பயந்தவர்களுக்கு ஈரல்

எங்கள் அத்தையிடம் போய் "படம் எப்படி இருந்தது?" என்று யாரும் கேட்டுவிட முடியாது. அந்தக் கேள்வியே அவளுக்கு ஆகாது. "நல்லா இருந்தா இன்னா, நாசமாப் போனா இன்னா? நீ எந்த எடத்துல பயந்தே, அத்தச் சொல்லு" என்பாள். உலகத்தில் எடுக்கிற படமெல்லாம் பேய்ப் படமும் பாம்புப் படமும்தான் என்பது போல இருக்கும் அவள் பேச்சு. அவளைப் பொறுத்தவரை அது உண்மையும்கூட. காதல் படத்துக்கும் குடும்பப் படத்துக்கும் அவள் டிக்கெட் எடுத்ததே இல்லை. "அழுவறதுக்கு எதுக்குடி தியேட்டருக்குப் போவணும்? அத்த வூட்லயே செய்யலாமே."

அத்தை என்றால் அப்பாவின் அக்கா. நைனார்பாளையத்தில் பஸ் நிற்கிற இடத்துக்கு எதிரே பிராய்லர் கடை வைத்திருந்தாள். இப்போது கடையை விட்டுவிட்டு ஓசூரில் மகனோடு இருக்கிறாள். ஆனால் அத்தை என்றதும் எனக்கு அந்தத் தகரக் கொட்டகைதான் நினைவுக்கு வரும். கூண்டிலிருந்து ஒரு கோழியை இழுத்து, அறுத்து, தோலை உரித்து, துண்டு போட்டுக் கவரில் கட்டிக் கொடுப்பதற்குள் வாங்க வந்தவர் பீடி பற்றவைத்து முடித்திருக்க மாட்டார். அவ்வளவு வேகம். ரத்தம் தெறித்தால் முழங்கையால் துடைத்துக்கொண்டு அடுத்த கோழிக்குப் போய்விடுவாள்.

அப்பேர்ப்பட்டவள் தியேட்டரில் உட்கார்ந்தால் வேறு ஆளாகிவிடுவாள். படம் தொடங்கும் முன்பே முந்தானையை முகத்தில் போட்டுக்கொள்வாள். சேலை வழியாகப் பார்த்தால் பேய் கொஞ்சம் மங்கலாகத் தெரியுமாம். பயம் முற்றினால் பக்கத்தில் யார் என்று பார்க்கமாட்டாள், பிடித்துவிடுவாள். ஒருமுறை கள்ளக்குறிச்சியில் அவள் பக்கத்து சீட்டில் முன்பின் தெரியாத ஒரு வாத்தியார் உட்கார்ந்திருந்தார். பேய் கிணற்றிலிருந்து ஏறிய நேரத்தில் அத்தை அவர் தொடையில் வைத்த கிள்ளுக்கு மனிதர் வீறிட்டார். அவர் கத்தியதைக் கேட்டு மொத்தத் தியேட்டரும் கத்தியது. இடைவேளையில் அத்தை மன்னிப்பாக ஒரு டீ வாங்கிக் கொடுத்துவிட்டு, "சார், எந்த எடத்துல ரொம்ப பயந்தீங்க?" என்று கேட்டாள். "நீங்க கிள்ளன எடத்துலதாம்மா" என்றார் அவர். அதன்பிறகு அவர் அத்தையின் கடைக்கு வாடிக்கை ஆகிவிட்டார்.

கடையில்தான் அவள் தீர்ப்பெல்லாம். புதுப் படம் வந்த வாரத்து ஞாயிற்றுக்கிழமை கறி வாங்க வருகிற எல்லோரும் பதில் சொல்லியாக வேண்டும். வயலில் மக்காச்சோளம் போடுகிற ஒருத்தர், "எல்லாம் கம்ப்யூட்டர்ல பண்றான்க்கா. அந்தப் பாம்பப் பாத்து நான் சிரிச்சிக்கினு இல்ல இருந்தேன்!" என்று மார்தட்டினார். அத்தை அவர் கவரில் கழுத்தும் முதுகெலும்புமாகப் பார்த்துப் பார்த்துப் போட்டாள். அடுத்து வந்த பால்காரர், "அது பாத்ரூம்ல எட்டிப் பாத்துச்சே அக்கா, அன்னிலருந்து டார்ச் இல்லாம நான் உள்ள போறதில்ல" என்றார். அவருக்கு எடைக்கு மேலே இரண்டு ஈரல் விழுந்தது. ஈரக்குலை நடுங்கியவர்களுக்கு ஈரல், அதுதான் அவள் கணக்கு. இது ஊரில் பரவி, படமே பார்க்காதவர்கள்கூட "ஐயோ அக்கா, பயந்து செத்துட்டேன்" என்று வந்து நிற்க ஆரம்பித்தார்கள். அத்தைக்கு அதுவும் தெரியும். "பொய்யாவே இருக்கட்டும்டி. பயந்தேன்னு வாயால சொல்றதுக்கு ஒரு மனசு வோணும். அதுக்குதான் ஈரலு" என்பாள்.

இதற்கெல்லாம் காரணம் மாமா. அவருக்குப் பயம் என்றால் என்னவென்றே தெரியாது. ஊரில் அவரைப் பற்றிப் பேச்சு வந்தால் முதலில் அதைத்தான் சொல்வார்கள். கோழிகளைக் கூடையில் கட்டி, மொபெட்டில் வைத்து, கல்வராயன் மலை ஊர்களுக்குக் கொண்டுபோய் விற்றுவிட்டு வருவார். ஓர் ஐப்பசி மழையில் மலையில் ஒரு தரைப்பாலத்துக்கு மேலே தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. கரையில் நின்றவர்கள் எல்லோரும் வேண்டாம் என்று தடுத்தார்கள். "இந்தத் தண்ணிக்கா பயப்படறது?" என்று சிரித்துக்கொண்டே வண்டியை இறக்கினாராம். தண்ணீர் அவரையும் வண்டியையும் கூடையையும் சேர்த்து அடித்துக்கொண்டு போய்விட்டது. அத்தை அதைப் பற்றிப் பேசமாட்டாள். ஒருமுறை கத்தி தீட்டிக்கொண்டிருந்தவள், நான் ஒன்றும் கேட்காமலே, "அந்த மனுசனுக்குக் கொஞ்சூண்டு இருந்திருந்தாப் போதும்டி. ஒரு கிள்ளு பயம்" என்றாள். பிறகு கத்தியைத் திருப்பி மறுபக்கம் தீட்டினாள்.

எனக்கு மாப்பிள்ளை பார்க்க ஆரம்பித்தபோதுதான் அத்தையின் இந்தக் குணம் என் தலையில் வந்து விடிந்தது. அப்பா அத்தையின் முகத்தைப் பார்த்துத்தான் எதற்கும் தலையாட்டுவார். முதலில் சங்கராபுரத்திலிருந்து ஒருத்தர் வந்தார். நல்ல வேலை, நல்ல குடும்பம். கேசரி சாப்பிட்டு முடிக்கும் வரை காத்திருந்த அத்தை, "நீங்க எதுக்குப்பா பயப்படுவீங்க?" என்று கேட்டாள். "நான் எதுக்குமே பயப்பட மாட்டேங்க. சின்ன வயசுலருந்தே அப்படித்தான்" என்றார் அவர், நிமிர்ந்து உட்கார்ந்து. அவர்கள் தெருமுனை தாண்டியதும் அத்தை, "வேணாம்" என்றாள்.

"ஒரு பேச்சுக்குச் சொல்லியிருப்பாருக்கா" என்றார் அப்பா.

"பேச்சுக்குச் சொன்னாலும் வேணாம்டா தம்பி."

அடுத்து வந்தவர் பஸ் டிரைவர். கச்சிராயபாளையம் தாண்டி வெள்ளிமலைக்கு ஏறுகிற பஸ்ஸை ஓட்டுகிறவர். வந்தவர் அதிகம் பேசவில்லை. அதன்பின் போனில் பேசினோம். வளைவில் பனி மூடினால் ஹாரன் அடித்துக்கொண்டே ஊர்ந்து போவதையும், சாலையைக் கடக்கிற கரடிக்காக விளக்கை அணைத்துவிட்டு நின்றதையும் சொன்னார். எனக்குப் பிடித்துவிட்டது. சாதாரணமாகப் பிடிக்கவில்லை. போன் அடித்தால் உடம்பெல்லாம் அடித்துக்கொள்கிற அளவுக்குப் பிடித்துவிட்டது. ஆனால் அத்தை, "மலை பஸ்ஸா? மலைக்கா ஓட்றாரு?" என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். அவள் எங்கே போகிறாள் என்று எனக்குப் புரிந்துவிட்டது.

"காபி குடிக்கிற எடத்துல ஒரு ஆளப் பத்தி ஒண்ணும் தெரியாது. மாப்ள வூட்டயும் கூட்டிக்கினு எல்லாரும் ஒரு படத்துக்குப் போலாம். பாத்துட்டு நான் சொல்றேன்" என்றாள். அப்பா தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். பெண் பார்த்த பிறகு பூ வைப்பார்கள், தட்டு மாற்றுவார்கள். படத்துக்குக் கூப்பிடுவதை யாரும் கேள்விப்பட்டதில்லை. ஆனால் மாப்பிள்ளையின் அம்மா போனிலேயே, "வர்றோம் வர்றோம், நான் தியேட்டருக்குப் போயி எத்தினி வருசமாச்சு!" என்று துள்ளிவிட்டார்கள்.

அந்த வாரம் கள்ளக்குறிச்சியில் ஓடியது முதலைப் படம். வெளிநாட்டுப் படம், தமிழில் பேசியது. போஸ்டரில் ஒரு முதலை வாயைத் திறந்துகொண்டிருந்தது. அந்த வாய்க்குள் ஒரு படகு முழுதாக இருந்தது. அத்தை போஸ்டரைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். காலைக்காட்சிக்கு இரண்டு குடும்பமும் ஒரே வரிசையில் உட்கார்ந்தோம். எனக்கும் அவருக்கும் நடுவில் அத்தை.

கதை தெரிந்திருந்தால் அப்பா எங்களை அந்தப் பக்கமே விட்டிருக்க மாட்டார். ஒரு கல்யாணக் கோஷ்டி ஆற்றில் படகில் போகிறது. முதலை முதலில் விழுங்குவது யாரை? மாப்பிள்ளையை! அதுவும் இடைவேளைக்கு முன்னாலேயே! எங்கள் மாப்பிள்ளையின் அம்மா "ஐயோ சாமி" என்று எழுந்து, இருட்டில் தடவிப் பிள்ளையின் முகத்தைக் கண்டுபிடித்து, திருஷ்டி கழித்து நெட்டி முறித்தார்கள். பின்வரிசையில் "உக்காரும்மா" என்று கத்தினார்கள். எனக்குச் சிரிப்பும் நடுக்கமும் சேர்ந்து வந்தன.

இரண்டாம் பாதியில் படகோட்டி ஒருவன் படகின் விளிம்பில் உட்கார்ந்து காலைத் தண்ணீரில் தொங்கவிட்டுப் பாட்டுப் பாடினான். தண்ணீருக்கடியில் இரண்டு கண்கள் திறந்தன. அத்தையால் தாங்க முடியவில்லை. முந்தானையை விலக்கிவிட்டு, "டேய், கால எடுடா! கால மேல எடு!" என்று கத்தினாள். அவள் சொன்னது படகோட்டிக்கு. கேட்டது தியேட்டர். திரை வெளிச்சத்தில் பார்த்தேன், எங்கள் வரிசையில் பாதிப் பேரின் கால்கள் சீட்டின் மேல் இருந்தன. அப்பா ஒரு காலைத் தூக்கியிருந்தார். அத்தைக்கு அந்தப் பக்கம் அவர் சம்மணம் போட்டு, முழங்காலை இறுக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அப்பாடா என்று இருந்தது எனக்கு. அத்தை அவரைப் பார்த்திருப்பாள் என்று நம்பினேன். அவளோ மறுபடியும் முந்தானைக்குள் போயிருந்தாள்.

படம் விட்டு வெளியே வந்தால் வாசலில் மைக்கும் கேமராவுமாக யூடியூப் பையன்கள் இரண்டு பேர். வருகிறவர்களையெல்லாம் மறித்துக் கருத்துக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். "இன்டர்வல் பிளாக் மரணமாஸ் ப்ரோ!" என்றான் ஒருத்தன். "முதலைக்குக் கிராஃபிக்ஸ் கம்மி, வாலு பாத்தா பிளாஸ்டிக்கு மாரி இருக்குது" என்றான் இன்னொருத்தன். இடுப்பில் குழந்தை வைத்திருந்த ஒரு பெண், "இத்த கூட்டிக்கினு வந்தது என் தப்பு, ராத்திரி இனிமே தூங்குமா?" என்று மைக்கையே திட்டினாள். ஒரு பெரியவர், "அவனுங்க ஏம்ப்பா அந்த ஆத்துக்குப் போனானுங்க? முதலை அதுபாட்டுக்குத்தான இருந்துச்சு?" என்று நியாயம் கேட்டார். எங்கள் அப்பாவிடமும் மைக் வந்தது. "ஏசி ஜில்லுனு இருந்துச்சுங்க" என்றார்.

அடுத்து மைக் மாப்பிள்ளைக்கு முன்னால் போனது. "ப்ரோ சொல்லுங்க, பயந்தீங்களா?"

கேமரா, விளக்கு, சுற்றிலும் பார்க்கிற கூட்டம். அவர் தலையைக் கோதிக்கொண்டார். "பயமா? சே சே. செம காமெடிங்க. எனக்கெல்லாம் பயமே வரல" என்றார்.

நான் அத்தையைப் பார்த்தேன். பக்கத்தில்தான் நின்றிருந்தாள். காலையிலிருந்து குழந்தை மாதிரி இருந்த முகம் அப்படியே கல்லாகிவிட்டது. அப்பாவின் பக்கம் திரும்பி மெல்லத் தலையை ஆட்டினாள். வேண்டாம் என்கிற ஆட்டம். சங்கராபுரத்துக்காரருக்குச் சொன்ன அதே 'வேணாம்'. முடிந்தது, இனி இந்த மனிதர் போனில் கூப்பிடமாட்டார் என்று நினைத்தேன்.

அப்போதுதான் அவர் நிற்கிற விதத்தைக் கவனித்தேன். மே மாத வெயிலில் வாசல் சிமெண்டு கொதித்துக்கொண்டிருந்தது. அவர் ஒற்றைக்காலில் கொக்கு மாதிரி நின்றிருந்தார். ஒரு காலில்தான் செருப்பு. வெறுங்காலைத் தூக்கிச் செருப்புக் காலின் மேல் வைத்திருந்தார். சம்மணம் போடுகிற அவசரத்தில் கழன்று விழுந்த ஒன்று சரிந்த தரையில் எங்கோ ஓடிப்போயிருக்கிறது. கூட்டம் நெட்டித் தள்ளியதில் தேட முடியாமல் வெளியே வந்துவிட்டார். கேமராவில் அவர் முகம் மட்டும்தான்.

சொல்லாவிட்டால் அத்தை இந்தச் சம்பந்தத்தை முறித்துவிடுவாள். சொன்னால் இத்தனை பேர் நடுவில், கேமராவுக்கு முன்னால், மாப்பிள்ளையின் மானத்தை வாங்கியவள் ஆகிவிடுவேன். அவர்கள் வீட்டில் முறித்துவிடுவார்கள். யோசிக்க நேரமில்லை. என் வாய் தானாகத் திறந்துகொண்டது.

"அண்ணே, கேமராவக் கொஞ்சம் கீழ எறக்குங்க."

கேமரா கீழே இறங்கியது. கூட்டமே குனிந்து பார்த்தது. ஒரு நொடி கழித்து எழுந்த சிரிப்பில் டீக்கடைக்காரரும் எட்டிப் பார்த்தார். "ப்ரோ, செருப்ப முதலை தின்னுடுச்சா?" என்று ஒருத்தன் கத்தினான். அவருடைய அம்மாவின் முகம் சிவந்துவிட்டது. "இன்னாங்க இது, இப்பவே உங்க பொண்ணு என் புள்ளய நாலு பேர் முன்னாடி இப்பிடிப் பண்ணுது" என்றார்கள் அப்பாவிடம். மாப்பிள்ளை என்னைப் பார்த்தார். கோபமா, அவமானமா, தெரியவில்லை. என் உயிர் என்னிடம் இல்லை.

அவர் மைக்கைப் பையன் கையிலிருந்து வாங்கினார். வெறுங்காலைக் கீழே வைத்தார்.

"பொய்தாங்க சொன்னேன். அந்த மாப்ளயப் புடிச்சப்பவே எனக்குக் கை காலு வெலவெலத்துப் போச்சு. இந்தம்மா கால எடுன்னு சொன்னாங்க, ரெண்டு காலயும் எடுத்துட்டேன். படம் முடியற வரிக்கும் கீழ வைக்கல" என்றார்.

கூட்டம் கைதட்டியது. அத்தை கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள்.

"பஸ்ஸு ஓட்றப்ப பயம் வருமா?"

"தெனமும் வரும்மா. ஒவ்வொரு வளைவுலயும் வரும்."

"தரைப்பாலத்துல தண்ணி ஏறிச்சுனா?"

"நிறுத்திடுவேன். பாசஞ்சருங்க கத்துவாங்க, லாரிக்காரன் போறான் பாரு, உனுக்கு இன்னான்னு திட்டுவாங்க. திட்டிட்டுப் போவட்டும். தண்ணி வடியற வரிக்கும் நான் சாவியக் கையில எடுத்து வச்சிக்குவேம்மா."

அத்தை அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு திரும்பித் தியேட்டருக்குள் போய்விட்டாள். உள்ளே பெருக்கிக்கொண்டிருந்தார்கள். வாசலில் டிக்கெட் கிழிக்கிறவர் அவளுக்குப் பழக்கம், தடுக்கவில்லை. இதோ வருவாள் என்று நின்றோம். வரவில்லை. அடுத்த காட்சிக்கு மணி அடித்து, ஆட்கள் உள்ளே போய், கதவையும் சாத்திவிட்டார்கள்.

எதிரே டீக்கடை பெஞ்சில் இரண்டு குடும்பமும் உட்கார்ந்தோம். பஸ் ஸ்டாண்டு பக்கம் போய் ஒரு ஜோடி செருப்பு வாங்கிக்கொள்ளலாம் என்று அப்பா அவரிடம் சொன்னார். "அவங்க வரட்டுங்க. அவங்க இன்னா சொல்றாங்கன்னு தெரியாம நான் எங்கயும் போவல" என்றார். அவருடைய அம்மா என்னைத் திரும்பியும் பார்க்கவில்லை. அப்பாதான் பஜ்ஜியை நீட்டிவிட்டு, அக்காவைப் போலவே, "உங்களுக்கு எந்த எடத்துலங்க ரொம்ப பயமா இருந்துச்சு?" என்று கேட்டுப் பார்த்தார்.

"அந்த மாப்ளய முழுங்கனப்பதாங்க" என்றவர்களுக்குக் குரல் உடைந்தது. "மலைக்கு அனுப்பிட்டு தெனம் இப்பிடித்தான் வாசல்ல உக்காந்துக்கினு இருக்கேன். அந்த முகத்துல இவன் மூஞ்சிதான் தெரிஞ்சிது." கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னை இழுத்துப் பக்கத்தில் உட்காரவைத்தார்கள். "நீ சொன்னது சரிதாண்டி. ஆனா கேமராவுல காட்டியா சொல்லுவ?" என்று முதுகில் ஒன்று வைத்தார்கள். வலித்தது. அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

படம் விட்டபோது வெயில் சாய்ந்திருந்தது. கூட்டத்தோடு அத்தை வந்தாள். கண்கள் வீங்கியிருந்தன. கையில் அவருடைய செருப்பு. அவருடைய அம்மா பதறி, "ஐயய்யோ, நீங்க போயி அத்தக் கையில தூக்கிக்கினு வர்றீங்களே" என்று ஓடினார்கள். அத்தை கொடுக்கவில்லை.

"இது அப்பவே ஆப்ட்டுச்சுங்க. நாலு வரிசைக்கு முன்னாடி கெடந்துச்சு. கையில எடுத்தப்பறம் எழுந்து வர முடியல, அப்பிடியே உக்காந்துட்டேன்" என்றாள். பிறகு என்னைப் பார்த்தாள். "உன் மாமனோடது அன்னிக்கி ஒத்தச் செருப்புதாண்டி ஆப்ட்டுச்சு. இன்னொண்ண ஆத்தோரமா எங்கெங்கயோ தேடினேன்."

குனிந்து செருப்பை அவர் வெறுங்காலின் பக்கத்தில் வைத்தாள். "போட்டுக்க மாப்ள" என்றாள். அவர் போட்டுக்கொண்டார். இரண்டு காலிலும் இருக்கிறதா என்று அத்தை ஒருமுறை பார்த்துக்கொண்டாள்.